ஸ்டாஃப் டீம் பில்டிங் ட்ரெயினிங்: ஏலகிரி பேக்கேஜ விடுங்க, ஸ்கூலுக்கே வர்றத வாங்குங்க

போன வருஷம் எங்க ஸ்கூல்ல ஸ்டாஃபுக்கு டீம் பில்டிங் ட்ரெயினிங் எடுத்தாங்க, அதப் பத்தி வேற ஸ்கூல் பிரின்சிபால்ங்க ரெண்டு மூணு பேரு "டீச்சர், காசு குடுக்கலாமா வேணாமா, உண்மைய சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கம்பெனி பேரு போடல. இந்த வேலை பண்ற கம்பெனி சென்னைலயும் பெங்களூர்லயும் ஏகப்பட்டது இருக்கு, எல்லார்கிட்டயும் ஏறக்குறைய ஒரே மெனுதான், அதனால எதை வாங்கணும் எதை விடணும்னு தெரிஞ்சா போதும்.

அவங்க வித்தது ரெண்டு ஐட்டம். ஒண்ணு, ஏலகிரில ரிசார்ட்ல ஒரு நைட் தங்கி பண்ற அவுட்டிங், ஆளுக்கு 3,000 சொச்சம். இன்னொண்ணு ஸ்கூலுக்கே வந்து அரை நாள் உக்காந்து பேசுறது, மூணு மாசம் கழிச்சு திரும்ப ஒரு தடவ வந்து பாக்குறதோட சேத்து, மொத்த ஸ்டாஃபுக்கும் ஒரே ரேட்டு, ஏலகிரி செலவுல கால் பங்கு கூட வரல. அவுட்டிங்குக்கு அஞ்சுக்கு ரெண்டு, பெரிய மனசு பண்ணி ரெண்டரை. ஸ்கூல்ல நடந்ததுக்கு நாலரை. சேல்ஸ்ல பேசுற பையன் ரெண்டாவதப் பத்தி வாயே தெறக்க மாட்டான், நீங்களாத்தான் கேக்கணும்.

எங்க ஸ்கூல் நெலம தெரிஞ்சாதான் நான் சொல்றது புரியும். சின்ன டவுன், சிபிஎஸ்இ, எல்கேஜிலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும். ஸ்டாஃப் ரூம் ரெண்டு, மேல மாடில ஹையர் செகண்டரி, கீழ கேஜி பிரைமரி. மேல இருக்குறவங்களுக்கு கீழ இருக்குறவங்க பேரு கூட முழுசா தெரியாது, "யூகேஜி பி மிஸ்"னுதான் கூப்பிடுவோம். கீழ இருக்குறவங்களுக்கு மேல இருக்குறவங்க எல்லாம் தலைல கொம்பு மொளைச்ச ஆளுங்க. இதுல வருஷா வருஷம் மார்ச் முடிஞ்சா பத்து பேரு வேலைய விட்டுப் போவாங்க, ஜூன்ல புதுசா பத்து பேரு வருவாங்க, அவங்களுக்கு டஸ்டர் எங்க இருக்குன்னு சொல்லிக் குடுக்குறதுக்குள்ள காலாண்டு வந்துடும். எங்க பிரின்சிபால் மேடம் நல்லவங்கதான், இவங்க வந்ததுலேர்ந்து ஸ்டாஃப் ஒரே குடும்பமா இருக்கணும்னு ஏதாவது பண்ணிக்கிட்டே இருப்பாங்க. பொறந்தநாள்னா கேக்கு, செப்டம்பர் 5 வந்தா டிஃபன் பாக்ஸு, ஆனுவல் டேக்கு எல்லாருக்கும் ஒரே கலர் சேலை. (அந்த சேலை காச சம்பளத்துல புடிச்சுக்கிட்டாங்க, அது தனிக் கதை.) ஆனா கேக்க வெட்டி முடிச்ச அஞ்சாவது நிமிஷம் மேல இருக்குறவங்க மேல போயிடுவாங்க, கீழ இருக்குறவங்க கீழ.

கரஸ்பாண்டென்ட் சார் இந்த ட்ரெயினிங்குக்கு சரின்னு சொன்னதுக்குக் காரணம் பாசம் இல்ல. 2020 தேசியக் கல்விக் கொள்கைல டீச்சர்ங்க ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு 50 மணி நேரமாவது பயிற்சி எடுக்கணும்னு வந்துச்சு இல்லையா, சிபிஎஸ்இ அத புடிச்சுக்கிட்டு, பாதி 25 மணி போர்டு இல்லன்னா அரசு பயிற்சி நிறுவனம் நடத்துறது, மீதி 25 ஸ்கூல்லயோ பக்கத்து ஸ்கூல்ங்களோட சேந்தோ பண்ணலாம்னு பிரிச்சாங்க. இந்த மீதி 25ல ஏலகிரிய கணக்கு காட்டிடலாம்னு சாருக்கு ஒரு ஆசை. நீங்களும் அதே ஆசைல இருந்தா காசு கட்டுறதுக்கு முன்னாடியே, எந்தத் தலைப்பு, எத்தன மணி நேரம்னு எழுத்துல வாங்கிடுங்க. எங்களுக்கு வந்த சர்ட்டிஃபிகேட்ல கலர் கலரா பூ மட்டும்தான் இருந்துச்சு, மணிக்கணக்கே போடல, அப்புறம் மேடம் நாலு மெயில் போட்டு மாத்தி வாங்குனாங்க.

சரி, ஏலகிரி. உண்மையா சொல்றேன், போற வழிதான் சூப்பர். ஏலகிரி மலைப்பாதைல 14 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் புலவர்கள் பேரு, வள்ளல்கள் பேரு வச்சிருக்காங்க, போர்டப் பாத்திருப்பீங்க. எங்க தமிழ் ஐயா ஒவ்வொரு வளைவுலயும் எந்திரிச்சு நின்னு, பாரின்னா முல்லைக்கு தேர் குடுத்த கதை, ஔவையார்னா அதியமான் நெல்லிக்கனி குடுத்த கதைன்னு எடுத்து விட, பின் சீட்ல கேஜி மிஸ்ங்க விசிலு, ஃபிசிக்ஸ் சார் வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னு முன்னாடி சீட்டுக்கு வர, யூகேஜி மிஸ் ஒருத்தவங்க பர்ஸுலேர்ந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் குடுத்தாங்க. பல வருஷமா ஒரே கேட்ல உள்ள வந்து போற ரெண்டு பேரு, அன்னைக்குத்தான் மொதமொதலா பேசிக்கிட்டாங்க. இதுக்கு கம்பெனிக்கு அஞ்சு பைசா குடுக்கத் தேவையில்ல, ஸ்கூல் பஸ்ஸும் டீசலும் போதும்.

ரிசார்ட்ல எறங்கினதும் ஆரம்பிச்சுது வினை. ட்ரெயினர் தம்பிக்கு முப்பது வயசு இருக்கும், ட்ராக் சூட், காதுல மைக்கு, பேசுறது பூரா இங்கிலீஷ். ஐடி கம்பெனிக்கு பண்ற அதே ப்ரோக்ராம அப்படியே தூக்கிட்டு வந்துட்டாப்ல. மொத கேமு, எல்லாரும் வட்டமா நின்னு குறுக்க கைய கோத்துக்கிட்டு அந்த முடிச்ச அவுக்கணுமாம். எங்க ஸ்டாஃப்ல முக்கால்வாசி லேடீஸ், எல்லாரும் புடவை, மூட்டு வலிக்கு பெல்ட் போட்டவங்க நாலு பேரு, சார்ங்க கைய புடிச்சு குனிஞ்சு நுழைஞ்சு வரணும்னா யாரு வருவா? நாளைக்கு அதே சார் முன்னாடி நின்னு மார்க் ரெஜிஸ்டர் கேக்கணும். அடுத்தது கண்ண மூடிக்கிட்டு பின்னாடி சாயணும், பின்னாடி நிக்கிறவங்க புடிக்கணும், நம்பிக்கை வளருமாம். பி.டி. சார் மட்டும் சாஞ்சாரு. அவரு எப்பவும் சாயுறவருதான், கணக்கு டீச்சர் பீரியட் கேட்டா உடனே குடுத்துடுவாரு பாவம். இதெல்லாம் வாங்குறதுக்கு முன்னாடியே, "எங்க ஸ்டாஃப் வயசு இது, போடுற ட்ரெஸ் இது, தொட்டுப் பண்ற கேம் எதுவும் வேணாம்"னு சொல்லிடுங்க. சொன்னா மாத்துறாங்க, கேக்கலன்னா அவங்களுக்குத் தோணாது.

ஒரே ஒரு கேம் மட்டும் நல்லா இருந்துச்சு, அதுக்குத்தான் அந்த அரை மார்க். 20 ஸ்பகெட்டி குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூலு, ஒரு மார்ஷ்மெல்லோ, 18 நிமிஷம் டைம், உச்சில மார்ஷ்மெல்லோ நிக்கிற மாதிரி உயரமா கோபுரம் கட்டணும். உலகம் பூரா பண்ற கேம்தான். நாங்க மேல் மாடி குரூப், ஃபிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ் எல்லாம் சேந்து பேப்பர்ல படம் போட்டு, முக்கோணமா சதுரமான்னு சண்டை போட்டு, பதினேழாவது நிமிஷம் மார்ஷ்மெல்லோவ மேல வச்சோம், மொத்தமா சாஞ்சுது. கேஜி மிஸ்ங்க பேசவே இல்ல, மொத ரெண்டு நிமிஷத்துலயே சின்னதா ஒண்ணு கட்டி மார்ஷ்மெல்லோவ சொருகிப் பாத்தாங்க, விழுந்துச்சு, திரும்பக் கட்டுனாங்க, அப்படியே ஏத்திக்கிட்டே போயி ஜெயிச்சுட்டாங்க. அப்புறம்தான் ட்ரெயினர் சொன்னாப்ல, இந்த கேம்ல கேஜி பசங்க எம்பிஏ படிச்சவங்கள விட உயரமா கட்டிடுவாங்களாம், ஏன்னா பசங்க உக்காந்து பிளான் போடாம கட்டிக் கட்டிப் பாப்பாங்களாம், யாரு லீடர்னு சண்டையும் கிடையாதாம். கேஜி மிஸ்ங்க மொகத்த பாக்கணுமே அப்ப!

மதியம் சாப்பாடு சுமார். சீரக சம்பா பிரியாணிக்குப் பேரு போன ஆம்பூர் மலைக்குக் கீழ இருக்கு, இங்க பாஸ்மதில ஏதோ ஒண்ணு போட்டு பிரியாணின்னாங்க. வெஜ் சாப்பிடுறவங்களுக்கு தனி டேபிள் மூலைல. ஒண்ணா இருக்கணும்னு காசு குடுத்து வந்துட்டு சாப்பாட்டுலயே பிரிச்சு உக்கார வச்சா எப்படிங்க? நைட்டு கேம்ப் ஃபயர், டான்ஸு, செல்ஃபி. குழந்தைய அம்மா வீட்டுல விட்டுட்டு வந்த ரெண்டு மூணு பேரு ஃபோன கைல வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. இன்னொரு விஷயம், டிரைவர் அண்ணங்க, ஆயம்மாங்க, ஆபீஸ் ஸ்டாஃப் யாரையும் கூட்டிட்டுப் போகல, "டீச்சிங் ஸ்டாஃப் மட்டும்"னு பேக்கேஜாம். திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போனா ஆயம்மா ஒருத்தவங்க "எல்லாரும் ஜாலியா போயிட்டு வந்தீங்களா டீச்சர்"னு கேட்டாங்க பாருங்க, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. கேஜி செக்‌ஷன்ல அந்தம்மா இல்லாம ஒரு மணி நேரம் ஓடாது.

அதோட எஃபெக்ட் ஒரு ரெண்டு வாரம் இருந்துச்சு. வாட்ஸப் குரூப்ல ஃபோட்டோவா கொட்டுச்சு, காரிடார்ல பாத்தா சிரிச்சுக்கிட்டோம். அப்புறம் காலாண்டு கொஸ்டின் பேப்பர், கரெக்‌ஷன், எல்லாம் பழைய கதைக்குப் போயிடுச்சு.

இப்ப ரெண்டாவது ஐட்டத்துக்கு வர்றேன், இதுக்குத்தான் இவ்ளோ எழுதுறேன். ஸ்கூலுக்கு வந்தது வேற ஆளு, ரிட்டயர் ஆன கவர்மெண்ட் ஸ்கூல் எச்.எம். ஒரு அம்மா, காட்டன் புடவை, கைல மஞ்சப்பை, மைக்கு கிடையாது, பிபிடி கூட கடைசிலதான். வந்து உக்காந்ததும் மேடம்கிட்ட "சப்ஸ்டிட்யூஷன் நோட்டு குடுங்க"ன்னாங்க. எங்களுக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. டீச்சிங்ல இல்லாதவங்களுக்கு ஒரு வார்த்தை: யாராவது லீவு போட்டா அவங்க கிளாஸுக்கு வேற யாரையாவது அனுப்பணும், காலைல ஒரு நோட்டுல எழுதி பியூன் கையெழுத்து வாங்க வருவாரு. ஒரு ஸ்டாஃப் ரூமோட மொத்த வயித்தெரிச்சலும் அந்த நோட்டுலதான் இருக்கு. இருந்த ஒரே ஃப்ரீ பீரியடும் போயி, எட்டாம் வகுப்பு பி செக்‌ஷன மேய்ச்சுட்டு, கரெக்‌ஷன வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற வலி இருக்கே.

அந்தம்மா ஒரு டேர்முக்கான நோட்ட எடுத்து, எங்க கையாலயே ஒவ்வொருத்தர் பேருக்கும் எத்தன சப்ஸ்டிட்யூஷன்னு எண்ணி போர்டுல போடச் சொன்னாங்க. எண்ணுனோம். தமிழ் ஐயா, லைப்ரரி மேடம், பி.டி. சார், அப்புறம் அந்த வருஷம் புதுசா சேந்த ரெண்டு பொண்ணுங்க, இவங்க தலைலயே பாதிக்கு மேல. சில பேரு பேருக்கு நேரா ஒண்ணுமே இல்ல, அவங்க யாருன்னு எல்லாருக்கும் தெரியும், நான் இங்க எழுதல. ரூம்ல ஒரு சத்தம் இல்ல. மேடம் நோட்டு போட்டது கெட்ட எண்ணத்துல இல்ல, யாரு மாட்டேன்னு சொல்ல மாட்டாங்களோ அவங்களுக்குப் போட்டாங்க, காலைல எட்டே காலுக்கு அந்த டென்ஷன்ல யாரா இருந்தாலும் அதத்தான் செய்வாங்க. ஆனா வருஷக்கணக்கா அப்படியே போனா, தலையாட்டுறவன் மேல மேல சொமந்து கடைசில மார்ச் மாசம் ரிசைன் லெட்டர் குடுப்பான். எங்க ஸ்கூல விட்டுப் போன பத்து பேரு யாருன்னு மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன், சரியா இருந்துச்சு.

அதே மாதிரி பஸ் டியூட்டி, அசெம்பிளி டியூட்டி, ஸ்பெஷல் கிளாஸ், வீட்டுல திருத்துற பேப்பர் எல்லாத்தையும் வாரத்துக்கு எத்தன மணின்னு எழுதச் சொன்னாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணைல டீச்சருக்கு வாரத்துக்கு கொறைஞ்சது 45 மணி நேரம்னு இருக்கு, பாடம் தயார் பண்ற நேரமும் அதுக்குள்ளயேதான். எங்கள்ல நெறைய பேருக்கு அது வியாழக்கெழமயே முடிஞ்சிருச்சு.

அப்புறம்தான் பிபிடி, அதுவும் நாலே ஸ்லைடு. சிகாகோல தொண்ணூறுகள்ல அந்தோணி பிரைக், பார்பரா ஷ்னைடர்னு ரெண்டு பேரு நூத்துக்கணக்கான ஸ்கூல்ங்கள வருஷக்கணக்கா பாத்திருக்காங்க. டீச்சர், பிரின்சிபால், பேரண்ட்ஸ் நடுவுல நம்பிக்கை தொடர்ந்து நல்லா இருந்த ஸ்கூல்ங்கள்ல ரெண்டுல ஒண்ணு படிப்புல முன்னேறியிருக்கு, நம்பிக்கை ரொம்பக் கம்மியா இருந்த ஸ்கூல்னா ஏழுல ஒண்ணுதான். நம்பிக்கைன்னா அவங்க சொல்ற கணக்கு நாலு: மரியாதை, வேலை தெரிஞ்சிருக்கறது, ஆளு மேல அக்கறை, சொன்னத செய்யறது. அந்தம்மா இதைக் காட்டிட்டு மேடம் பக்கம் திரும்பி, "இதுல உங்களுக்கு கஷ்டமானது கடைசிதான், ஏன்னா மேல கரஸ்பாண்டென்ட் இருக்காரு, அதனால முடியாதத சொல்லாதீங்க, சின்னதா சொல்லி அத செய்யுங்க"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. மேடம் மொகம் செவந்துடுச்சு, ஆனா தலையாட்டுனாங்க. அன்னைக்கு அவங்க மேல எனக்கு மரியாதை ஏறுச்சு.

அதுக்கப்புறம் மேடம் செஞ்சது எல்லாமே சின்னச் சின்னதுதான். சப்ஸ்டிட்யூஷன் நோட்டு ஒழிஞ்சு போச்சு, இப்ப ஸ்டாஃப் ரூம் போர்டுல எல்லார் பேரும் இருக்கு, யாருக்கு எத்தனன்னு கண்ணு முன்னாடி தெரியும், கம்மியா இருக்குறவங்களுக்குத்தான் அடுத்தது போகும். அதுல மேடம் பேரும் இருக்கு! வாரத்துக்கு ஒரு பீரியடாவது அவங்களே போறாங்க, எட்டாவது பி-க்கும் போனாங்க, போயிட்டு வந்து "என்னங்க இந்தப் பசங்க இப்படி"ன்னு எங்ககூட உக்காந்து டீ குடிச்சாங்க. ஏலகிரில கைய கோத்து வராத நெருக்கம் அந்த டீல வந்துச்சு. ராத்திரி எட்டு மணிக்கு மேல குரூப்ல மெசேஜ் கிடையாது. சனிக்கெழம சாயங்காலம் நிக்க வச்சு திட்டுற ஸ்டாஃப் மீட்டிங் போயி, யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா ரூமுக்குக் கூப்பிட்டுத் தனியா சொல்றாங்க. புதுசா சேர்றவங்களுக்கு மொத டேர்ம் பூரா ஒரு சீனியர் டீச்சர கூட விடுறாங்க, டஸ்டர் எங்க இருக்குங்கறதுலேர்ந்து எந்தப் பையனோட அப்பா சண்டைக்கு வருவாருங்கற வரைக்கும் சொல்லிக் குடுக்க.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். ஜப்பான்ல டீச்சர்ங்க நாலஞ்சு பேரு சேந்து ஒரு பாடத்த பிளான் பண்ணி, ஒருத்தர் நடத்த, மத்தவங்க பின்னாடி உக்காந்து பசங்கள கவனிச்சு, அப்புறம் உக்காந்து பேசுவாங்களாம், அங்க நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். அந்தம்மா அத நம்ம ஊருக்கு சொன்னப்ப யாரும் ஒத்துக்கல. நம்ம ஊர்ல கிளாஸ் பின்னாடி ஒருத்தர் வந்து உக்காந்தா இன்ஸ்பெக்‌ஷன்னு அர்த்தம், கைல ஃபார்ம் இருக்கும், கை வேர்க்கும். ஃபார்ம் கிடையாது, மார்க் கிடையாது, டீச்சர பாக்கக் கூடாது, பசங்க நோட்ட மட்டும் பாக்கணும்னு மேடம் சொன்னப்புறம் நானே ஆறாவதுல பின்னம் நடத்துனேன். வழக்கமான தொல்லைதான், மூணுல ஒண்ணு பெருசா நாலுல ஒண்ணு பெருசான்னா பாதி கிளாஸ் நாலு பெரிய நம்பர்னு சொல்லி நாலுல ஒண்ண கை காட்டுவாங்க. பின்னாடி உக்காந்திருந்த மூணாம் வகுப்பு மிஸ், "டீச்சர், நாங்க வட்டம் போட்டு கலர் அடிக்கத்தான் சொல்லிக் குடுத்தோம், ரெண்டு பின்னத்த பக்கத்துல வச்சுப் பாக்கவே விட்டதில்ல, பேப்பர் பட்டைய மடிச்சுக் காட்டிப் பாருங்க"ன்னாங்க. ஒரே நீளத்துல பட்டை வெட்டி மடிச்சதும் பசங்களே "அய்ய, நாலுல ஒண்ணு சின்னது"ன்னு கத்துனாங்க. அவங்க இப்ப மூணாவதுலயும் பட்டைதான் மடிக்கிறாங்க. இப்ப கீழ மேலன்னு பேச்சே கொறைஞ்சிருக்கு, லஞ்சுக்கு வாரத்துல ஒரு நாளாவது கீழ போயிடுறோம்.

எல்லாம் சரியாயிடுச்சான்னு கேட்டா, இல்லைங்க. சம்பளம் அதேதான், கோடை லீவுல வீடு வீடா அட்மிஷனுக்கு அலைய விடுறதும் அதேதான், இத எந்த ட்ரெயினரும் பிரின்சிபாலும் மாத்த முடியாது, கரஸ்பாண்டென்ட் மனசு வைக்கணும். போர்டுல பேரு ஏறுனதுல ரெண்டு மூணு பேருக்கு மேடம் மேல இன்னும் கோவம். ஆனா இந்த மார்ச்ல விட்டுப் போனவங்க நாலு பேருதான், அதுல ஒருத்தவங்களுக்கு கல்யாணம்.

இந்த சர்வீஸ்ல இருக்குற பெரிய ஓட்டை என்னன்னா, எந்த ட்ரெயினர் வருவாங்கன்னு முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க. அந்த எச்.எம். அம்மா மாதிரி ஆளு வந்தா உங்க அதிர்ஷ்டம், ட்ராக் சூட் தம்பி வந்தா உங்க ஸ்கூல்லயும் பின்னாடி சாயணும். அதனால கிளாஸ் எடுத்து அனுபவம் இருக்குற ஆளு, தமிழ்ல பேசுறவங்க வேணும்னு பேரக் கேட்டு எழுதி வாங்குங்க. மூணு மாசம் கழிச்சு வர்ற விசிட்ட மறந்துடுற மாதிரி நடிப்பாங்க, நாங்க ரெண்டு தடவ ஃபோன் பண்ணித்தான் வர வச்சோம், பாதி காச அப்ப குடுக்குறேன்னு சொல்லுங்க. அரை நாள் செஷன்ல ஆயம்மா, டிரைவர், ஆபீஸ் எல்லாரையும் உக்கார வைங்க, ரேட்டு ஏறாது, மொத்தத்துக்கும் ஒரே ரேட்டுதான். சப்ஸ்டிட்யூஷன் நோட்ட போர்டுல எண்ணிப் போட பயமா இருக்குற பிரின்சிபால்னா இதையும் வாங்காதீங்க, காசு வேஸ்ட். தேதி ஜூலைல கேளுங்க, ஜூன்ல எல்லா ஸ்கூலும் அடிச்சுக்கிட்டு புக் பண்ணும், அப்ப கொறைக்க மாட்டாங்க, ஜூலைல பேரம் பேசுனா கொறைக்கிறாங்க.